பூஜ்யம் லிட்டர்

குஷன்காரர் முப்பத்தைந்து வருஷம் பஸ் சீட் தைத்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் தைத்ததன் மேல் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய் வந்தார்கள். ஒருவரும் அவரை நினைத்துப் பார்த்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. "உட்கார்ந்தவன் சீட்டை நினைச்சான்னா, ஏதோ குத்துதுன்னு அர்த்தம்" என்பார்.

அப்படிப்பட்டவர் அறுபதாவது வயதில், உட்கார்ந்த யாருமே மறக்க முடியாத ஓர் இருக்கையைச் செய்தார். அதனால்தான் அவருக்கு அவ்வளவும் வந்தது.

எல்லாம் அவர் மனைவிக்காகத்தான். ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தாள். ஆனால் அதன் பிறகு முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் எழுந்தாக வேண்டும். வீட்டுக்குள் இது ஒரு பிரச்சினையே இல்லை. வாசலைத் தாண்டினால்தான் உலகத்தில் எத்தனை கழிவறைக் கதவுகளுக்குப் பூட்டு இருக்கிறது என்று தெரியும். பஸ் நிலையத்தில் பூட்டு. பெட்ரோல் பங்கில் பூட்டு. சாவி யாரிடமோ, அந்த யாரோ சாப்பிடப் போயிருப்பார். இரண்டு தடவை நடுவழியில் அவமானப்பட்டுத் திரும்பி வந்தவள், மூன்றாம் தடவை செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மலைக்கு அந்தப் பக்கம், இரண்டு நாள் பயண தூரத்தில் அவளுடைய அக்கா இருந்தாள். அம்மா சீக்கிரமே போய்விட, தலை பின்னி, சோறு ஊட்டி வளர்த்த அக்கா. ஆறு வருஷமாக இருவரும் போனில்தான் பேசினார்கள். கொஞ்ச நாளாக அக்காவுக்கு மறதி. முதலில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போயிற்று. அப்புறம் கிழமை. ஒருநாள் போனில், "அம்மா குளிச்சிட்டாளா?" என்று கேட்டாள். அன்று சாயங்காலமே குஷன்காரர் கடையை மூடினார்.

பார்சல் ஏற்றும் பழைய வேன் ஒன்றை வாங்கி, மூன்று மாதத்தில் அதை வீடாக்கினார். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வந்தன. கடைசியில் கழிவறை. தண்ணீர் வைத்தால் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கெட்ட தண்ணீருக்கு ஒரு தொட்டி, அதைக் கொட்ட ஓர் இடம். வேன் தன்னைச் சுமக்குமா, தொட்டியைச் சுமக்குமா? அதனால் மரத்தில் ஒரு பெட்டி செய்தார். முன்பக்கம் விழுவது ஒரு கேனுக்கு, பின்பக்கம் விழுவது ஒரு வாளிக்கு. மேலே ஒரு கை மரத்தூள். கூரை வரை ஒரு குழாய், அதில் உள்ளங்கை அளவு மின்விசிறி. இருக்கைக்குத் தன் தொழில் முழுவதையும் காட்டி மெத்தை தைத்தார். ஒரு வாரம் பழகிப் பார்த்தார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லை, துளி நாற்றம் இல்லை. மனைவி செருப்பை எடுத்து வெளியே வைத்தாள்.

படுக்கை உள்ள எந்த வண்டியும் சாலையில் போகச் சுகாதாரச் சான்று வேண்டும் என்றார்கள் போக்குவரத்து அலுவலகத்தில். "வாரியத்துல குடுப்பாங்க. அரை மணி நேர வேலை" என்றார்கள்.

வாரியத்தின் முழுப்பெயர், நடமாடும் இருப்பிடங்களுக்கான நீர்வழிச் சுகாதார வாரியம். மூன்று மாடிக் கட்டடம். முன்னால் ஆள் உயரத்துக்குப் பித்தளையில் ஒரு குழாய்ச் சிலை. காவலாளி கேட்டைத் திறந்து வேனை உள்ளே விட்டார். விட்டதும் கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டார்.

"இப்ப வந்துடுவோமே, எதுக்குச் சங்கிலி?" என்றார் குஷன்காரர்.

காவலாளி வேனைச் சுற்றி வந்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

உள்ளே ஜன்னல் ஓரத்தில் பதிவுக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மேஜையில் ஒரு தம்ளர் தண்ணீர், மூடியோடு. அதன் மேல் தூசி படிந்திருந்தது.

"பதினோராம் கேள்வி காலியா இருக்கே."

"காலி இல்லைம்மா. பூஜ்யம் போட்டிருக்கேன்."

"ஒரு தடவைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்னு கேட்டிருக்கு."

"ஆமா. பூஜ்யம்."

"பூஜ்யம் போட்டா நிரப்பலைன்னு அர்த்தம்."

"அப்ப 'இல்லை'ன்னு எழுதட்டுமா?"

"இல்லைன்னு எழுதினா கழிவறையே இல்லைன்னு அர்த்தம். கழிவறை இல்லாத வண்டியில படுக்கை இருக்கக் கூடாது."

"சரி, ஒண்ணுன்னு போட்டுக்கோங்க."

"அது பொய்த் தகவல். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. மூணாம் மாடி."

குஷன்காரர் மாடிப்படியைப் பார்த்தார். இரண்டு பேர் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அன்று முழுவதும் அந்தப் படியில் யாரும் இறங்கி வரவில்லை.

பதிவுக்காரம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு முத்திரையை எடுத்தாள். "விசேஷ வகைன்னு போடறேன். ஆனா ஆய்வு முடியற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கணும்."

"எவ்வளவு நேரம்மா ஆகும்?"

அவள் அவருடைய மனைவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "நிழலாப் பாத்து நிறுத்துங்க" என்றாள்.

ஆய்வாளர் மறுநாள் வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு காலில் நிற்பார், மறு காலுக்கு மாறுவார், மறுபடி முதல் காலுக்கு வருவார். பின்னால் இரண்டு பேர் அரக்கு முத்திரை போட்ட ஒரு பீப்பாயை உருட்டி வந்தார்கள். 'ஆய்வு நீர். வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது' என்று அதில் எழுதியிருந்தது.

"விதி ஏழு" என்றார் ஆய்வாளர். "ஒன்பது லிட்டர் ஊத்தணும். ஒரு சொட்டு வெளிய வரக் கூடாது."

"சார், இது தண்ணி ஊத்தற பெட்டி இல்லை. நாங்க ஊத்தவே மாட்டோம்."

"நீங்க ஊத்த மாட்டீங்க, சரி. யாராவது வந்து ஊத்தினா?"

"யாரு சார் வந்து ஊத்தப் போறாங்க?"

"நாங்க வந்திருக்கோம்ல?" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கையசைத்தார்.

ஊற்றினார்கள். மரத்தூள் குழம்பாகி வாளியிலிருந்து வழிந்தது. பலகையைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் போய், அக்காவுக்கென்று மனைவி பின்னி வைத்திருந்த கம்பளிச் சால்வையை நனைத்தது. ஆய்வாளர் குனிந்து பார்த்து எழுதினார்: 'கசிகிறது. தண்ணீரைக் கையாளத் தெரியாத அமைப்பு.'

இரண்டு நாள் கழுவிக் காயவைத்த பிறகு நாற்றக் குழு வந்தது. மூன்று அதிகாரிகள் நாற்காலி போட்டு, பெட்டியைச் சுற்றி ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். குஷன்காரரும் மனைவியும் வெளியே கைகட்டி நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் வரலை" என்றார் இளையவர்.

"எனக்கும்தான்" என்றார் அடுத்தவர்.

மனைவியின் முகம் மலர்ந்தது. அதற்குள் குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். "வரலைன்னா எங்க போச்சு? நாற்றம் இருந்தா அளக்கலாம். அளந்தா குறைக்கச் சொல்லலாம். குறைச்சா அனுமதி குடுக்கலாம். இல்லாத நாற்றத்தை வச்சு நாங்க என்னம்மா பண்றது? மறைக்கப்பட்ட நாற்றம்னு எழுதுங்க."

மறைக்கப்பட்ட நாற்றத்துக்கு இருபத்தொரு நாள் கண்காணிப்பு. வண்டிக்குள் தங்கலாம். சாமான் வாங்க வெளியே போகலாம், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். வண்டி நகரக் கூடாது.

அப்போதுதான் அவர்கள் அந்த வளாகத்தைச் சரியாகப் பார்த்தார்கள். கட்டடத்துக்குப் பின்னால் முப்பது முப்பத்தைந்து வண்டிவீடுகள் வரிசையாக நின்றன. சக்கரத்தைப் புல் மூடியிருந்தது. சிலவற்றில் ஜன்னல் வரை ஏறியிருந்தது. திரைச்சீலைகள் இழுத்துவிட்டபடியே வெளுத்திருந்தன. ஒரு வண்டியில் கொடியில் போட்ட சட்டை இன்னும் தொங்கியது. காற்றுக்கு அசையாத அளவுக்கு விறைத்துப்போயிருந்தது. ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை: 'நிறைவுற்றது.'

"பரவாயில்லையே, எல்லாருக்கும் முடிச்சுக் குடுத்திருக்காங்க" என்றாள் மனைவி.

"முடிச்சுக் குடுத்திருந்தா வண்டி ஏன் இங்க நிக்குது?" என்றார் குஷன்காரர்.

அதற்கு விளக்கம் சொன்னவர் கண்ணாடிக்காரர். ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழில். அந்த வரிசையில் ஆள் இருந்த ஒரே வண்டி அவருடையது. நான்கு வருஷமாக அங்கே இருந்தார். அவருடைய கழிவறையும் தண்ணீரில்லாததுதான், ஆனால் எரிக்கிற வகை. பொத்தானை அமுக்கினால் உள்ளே இருப்பது கைப்பிடிச் சாம்பலாகிவிடும்.

"என் ஃபைலைத் தீயணைப்புக்கு அனுப்பிட்டாங்க" என்றார். "மாசம் ஒரு தடவை வண்டியில மணி அடிச்சிட்டு வருவாங்க. எரியுதான்னு பாப்பாங்க. எரியுதுன்னு சொன்னா ஆபத்து, எரியலைன்னா பழுது. அதோ, அந்தப் பச்சை வண்டிக்காரர், போனதைப் போனதைப் பையில போட்டு ஒட்டற மெஷின் வச்சிருந்தார். அதைப் பொட்டலம் கட்டற துறைக்கு அனுப்பிட்டாங்க. பொட்டலத்து மேல உள்ளே என்ன இருக்குன்னு அச்சடிக்கணும்னு சொன்னாங்க."

"அவங்கெல்லாம் இப்ப எங்க?"

"விண்ணப்பதாரர் வரலைன்னாலும் நிறைவுதான். செத்துட்டாலும் நிறைவுதான். விட்டுட்டு நடந்து போயிட்டாலும் நிறைவுதான்." கண்ணாடிக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு குஷன்காரருக்குப் பிடிக்கவில்லை.

அன்று மத்தியானம் மனைவி அக்காவுக்குப் போன் போட்டாள். அக்காவின் மருமகள் எடுத்து, அக்கா காதில் வைத்தாள்.

"அக்கா, நான்தான். சின்னவ."

"யாரு?"

"சின்னவதான், அக்கா. கிளம்பிட்டோம். வழியில கொஞ்சம் தாமதமாகுது."

"சின்னவ வந்துட்டு இருக்கா. அவளுக்குத்தான் வாசல்ல உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அக்கா, அன்னியரிடம் பேசும் மரியாதையோடு. "நீங்க யாரு பேசறது?"

போனை வைத்த பிறகு மனைவி நனைந்து சுருங்கிய சால்வையைப் பிரிக்க ஆரம்பித்தாள். மறுபடி முதலிலிருந்து பின்ன வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் காலை ஆய்வாளர் தனியாக வந்து கதவைத் தட்டினார். கையில் குறிப்பேடு இல்லை. முகம் வெளிறியிருந்தது.

"திடீர் ஆய்வு" என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது வேறு மனிதராக இருந்தார். இரண்டு காலிலும் சமமாக நின்றார். "மெத்தை நீங்களே தைச்சதா?" என்று கேட்டார். மறுநாள் 'தொடர் ஆய்வு' என்று வந்தார். அதற்கு மறுநாள் நாற்றக் குழுவின் இளையவரையும் கூட்டி வந்தார்.

காரணம் கண்ணாடிக்காரருக்குத் தெரிந்திருந்தது. வாரியத்தின் மூன்று மாடியிலும் பளிங்குக் கழிவறைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் திறந்து வைத்தவர் பெயர் பொறித்த கல் உண்டு, தண்ணீர்தான் இல்லை. கட்டடத்தின் தண்ணீர் இணைப்புக்குச் சுகாதாரச் சான்று வேண்டும். கட்டடம் நடமாடாததால் இந்த வாரியம் அதற்குச் சான்று தர முடியாது. பதினொரு வருஷமாக அப்படி. பூட்டிய கழிவறைகளில் ஃபைல்களை அடுக்கியிருந்தார்கள். அலுவலர்கள் காலையில் வீட்டிலிருந்து வருவார்கள், நான்கு மணிக்கு ஓடுவார்கள். நடுவில் அவர்கள் யாருக்கும் எதற்கும் சம்மதம் சொன்னதில்லை.

பதிவுக்காரம்மா மட்டும் ஆய்வு என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. ஒரு மத்தியானம் வேனுக்குப் பக்கத்தில் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனைவி கதவைத் திறந்து, "உள்ளே வாங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் போய் வந்த பிறகு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

பதிவுக்காரம்மா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்கவில்லை. "ஆபீஸ் நேரத்துல தண்ணி குடிச்சுப் பதினொரு வருஷமாச்சு" என்றாள். "ரெண்டு தடவை சிறுநீரகக் கல் எடுத்தாச்சு. தம்ளர் சும்மா பார்வைக்கு."

"எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி. பதிவுக்காரம்மா மூன்று தம்ளர் குடித்தாள்.

விஷயம் பரவியது. இருபத்தொரு நாள் முடிந்தது, கண்காணிப்பு நீட்டிக்கப்பட்டது. வாசலில் வரிசை நின்றது. குஷன்காரர் ஒரு நாளைக்கு மூன்று தடவை வாளியை எடுத்துக்கொண்டு வளாகத்துக் கோடிக்குப் போய், குழி வெட்டிக் கொட்டி மூடிவிட்டு வந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஆய்வாளரிடம், "யாராவது ஒரு கை பிடிச்சா நல்லாருக்கும் சார்" என்றார். ஆய்வாளர் வாளியைப் பார்த்தார். அதை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. "அது பெட்டிக்கு உள்ளே இருக்கற விஷயமாச்சே, எங்க வேலை இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரத்தில் இயக்குநரே வந்தார். உள்ளே இருபது நிமிஷம் இருந்தார். வெளியே வந்ததும் அலுவலர்கள் எல்லாரையும் வேனுக்கு முன் கூட்டச் சொன்னார். படியில் நின்றபடி பேசினார்.

"நண்பர்களே! இந்த வாரியம் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள். இதுவரை தண்ணீரில்லாத ஒரு கழிவறைக்கும் நாம் அனுமதி கொடுத்ததில்லை. தண்ணீருள்ளதற்கும் கொடுத்ததில்லை, அது வேறு விஷயம். அவசரப்படாமைதான் நம் பலம். வாரியத்திலேயே தண்ணீர் இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். டாக்டர் என்றால் நோய் வரக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நாம் தண்ணீரைப் பாதுகாக்கிறோம். தொடாமல் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு உண்டா? இந்தப் பெட்டியை இனி நானே தினமும் காலை பத்து மணிக்கு நேரில் ஆராயப் போகிறேன். இதை அனுமதிக்க முடியாது என்ற என் கருத்து இன்று காலைதான் உறுதிப்பட்டது. ஆனால் அதை முடிவாக அறிவிக்க இன்னும் பல ஆண்டு ஆராய்ச்சி வேண்டும். அதுவரை விண்ணப்பதாரர் நம் விருந்தாளி."

எல்லாரும் கைதட்டினார்கள். கேட் பக்கம் காவலாளி சங்கிலியை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

மாலைக்குள் வேன் கதவில் 'ஆய்வு அட்டவணை' ஒட்டியிருந்தது. பத்து மணி இயக்குநர். பத்து இருபது துணை இயக்குநர்கள். அப்படியே பதவி வரிசையில் இறங்கிக்கொண்டு போனது. கடைசி வரி: 'விண்ணப்பதாரரும் குடும்பத்தாரும், நாலே முக்கால் முதல் ஐந்து வரை.'

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மனைவி எழுந்தாள். கழிவறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே ஐந்து பேர் நின்றார்கள்.

"எனக்குக் கொஞ்சம் அவசரம்ங்க" என்றாள்.

கையில் கோப்பு வைத்திருந்த ஒருவர் அட்டவணையைக் காட்டினார். "எல்லாருக்கும் அவசரம்தாம்மா. அதனாலதானே ஒழுங்குன்னு ஒண்ணு போட்டிருக்கு?"

தன் சொந்த வீட்டு வாசலில், தனக்காகச் செய்த பெட்டிக்கு, அவள் ஆறாவது ஆளாக நின்றாள். நான்காவது ஆள் உள்ளே போனபோது அவள் அங்கே இல்லை. குஷன்காரர் தேடிப் போனபோது புல் மூடிய வண்டிகளுக்கு நடுவே, சேலை நனைந்து, முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் கண்ணாடிக்காரரைக் காணவில்லை. வண்டிக் கதவு திறந்திருந்தது. அடுப்பின் மேல் பாதி வெந்த அரிசி. எங்கே போனார், தானாகப் போனாரா என்று யாரும் சொல்லவில்லை. பத்து மணிக்குள் கதவில் அட்டை வந்துவிட்டது. ஒட்டிய பசை காயுமுன் காவலாளி ஒரு ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து, அந்த வண்டியின் சக்கரங்களைக் கழற்றினார். கழற்றி முடித்ததும் ஜாக்கியைக் குஷன்காரரின் வேனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மத்தியானம் பதிவுக்காரம்மா வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"சக்கரத்தைக் கழட்டறதுக்கு நாளைக்கு உத்தரவு வருது" என்றாள். "சக்கரம் இல்லைன்னா அது வண்டி இல்லை, கட்டடம். கட்டடத்தோட சேர்த்து எழுதிடுவாங்க. உங்க ஃபைல் கையெழுத்தாகவே ஆகாதுங்க. ஆச்சுன்னா நீங்க போயிடுவீங்களே!"

"அப்ப நாங்க என்னம்மா பண்றது?" என்றார் குஷன்காரர்.

"பெட்டியைக் குடுத்துடுங்க. 'ஆராய்ச்சிக்கு மாதிரி ஒப்படைப்பு'ன்னு ஒரு படிவம் இருக்கு. கட்டிலையும் கழட்டி மடிச்சு வச்சுடுங்க. படுக்கையும் இல்லை, கழிவறையும் இல்லைன்னா அது வெறும் சாமான் வண்டி. வாரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. வெளிய விட்டாகணும்."

"இவளுக்காகத்தானே செஞ்சேன். அது இல்லாம இவ ரெண்டு நாள் எப்படி..." என்றார் குஷன்காரர்.

"என்னங்க" என்றாள் மனைவி. "அது ரெண்டு பலகை, ஒரு வாளி. செஞ்சவர் நீங்க. செஞ்சவரைக் கூட்டிட்டுப் போறேன், செஞ்சதை அவங்க வச்சுக்கட்டும்." பிறகு பதிவுக்காரம்மா பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க? பெட்டி மாடிக்குப் போயிட்டா உங்களுக்கு எங்க? அந்த அட்டவணையில உங்க பேர் இல்லையே."

"பதினொரு வருஷம் அது இல்லாமத்தானே இருந்தேன்" என்றாள் பதிவுக்காரம்மா. படிவத்தை எடுத்து முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

ஒப்படைப்பு விமரிசையாக நடந்தது. நான்கு பேர் பெட்டியைத் தோளில் தூக்கி, மெதுவாக, பேசாமல் மாடிக்குக் கொண்டுபோனார்கள். அலுவலர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். இயக்குநர் தன் அறைக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கியிருந்தார்.

"சார், இதுல ஒரு விஷயம் சொல்லணும். வாளியை..." என்று குஷன்காரர் தொடங்கினார்.

இயக்குநர் கையை உயர்த்தினார். "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா."

குஷன்காரர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். அது முறைப்படி பெறப்பட்டு, எண் போடப்பட்டு, யாரும் படிக்காமல் மூன்றாம் மாடிக்குப் போனது.

கேட்டைத் தாண்டியதும் குஷன்காரர் வேனை விரட்டினார். மனைவி மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு மரக்கடை கண்ணில் பட்டது. ஒரு பலகை, ஒரு வாளி, ஒரு மூட்டை மரத்தூள். மூட்டையைக் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். குஷன்காரர் சாலை ஓரத்திலேயே பலகையைச் சாய்த்து வட்டமாக அறுத்தார். வியர்வை கண்ணில் வழிந்தது. மெத்தை இல்லை, குழாய் இல்லை, விசிறி இல்லை. கால் மணி நேரத்தில் வேனுக்குள் ஒரு திரைக்குப் பின்னால் அது தயாராகிவிட்டது. மனைவி உள்ளே போனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது அழுகையாகவும் இருக்கலாம், அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா வீட்டை அடைந்தார்கள். அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாகக் கரைந்திருந்தாள். தங்கை காலடியில் உட்கார்ந்து, புதிதாகப் பின்னிய சால்வையை அவள் தோளில் போட்டாள்.

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "வழியில ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டாள்.

"இல்லைக்கா. ஒரு கஷ்டமும் இல்லை."

"நல்லது. எங்க சின்னவளும் வந்துட்டு இருக்கா. அவளுக்குத்தான் வழியில கஷ்டம்."

"போன மாசம்கூட போட்டோவைப் பாத்துப் பேரைச் சரியாச் சொன்னாங்க" என்றாள் மருமகள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவளாக உள்ளே போய்விட்டாள்.

தங்கை அக்காவின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். கை தானாகவே கூந்தலை மூன்றாகப் பிரிக்கத் தொடங்கியது. பெயர் போன பிறகும் விரலுக்கு ஏதோ ஞாபகம் இருந்தது.

ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. பத்தாம் நாள் காலை வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. விண்ணப்பத்தில் 'போகுமிடம்' என்று எழுதியிருந்த விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வாளர் இறங்கினார். மறுபடி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். சட்டையிலிருந்து ஒரு வாடை வந்தது. குஷன்காரர் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"மாதிரிப் பெட்டி வேலை செய்யலை" என்றார் ஆய்வாளர். "நாலாம் நாளே நின்னுபோச்சு. நிபுணர் குழு போட்டோம். பழுது எங்கேன்னு கண்டுபிடிக்க முடியலை. கட்டடத்துக்குள்ள யாராலயும் உட்கார முடியலை. இயக்குநர் மட்டும் கதவைச் சாத்திட்டு உள்ளே இருக்கார்."

"பழுது ஒண்ணும் இல்லை சார். வாளி நிரம்பியிருக்கும். எடுத்துக் கொட்டணும்."

ஆய்வாளர் குறிப்பேட்டை எடுத்தார். "யாரு கொட்டணும்?"

"உட்கார்ந்தவங்க."

பேனா நின்றது. "உட்கார்ந்தவங்களேவா?"

"வேற யாரு?"

"இயக்குநருமா?"

"அவரும் உட்கார்றார்ல?"

ஆய்வாளர் எழுதியதை அடித்தார். அடித்ததன் மேல் மறுபடி அடித்தார். தாள் கிழிந்தது. "இதை நான் அங்க போய்ச் சொல்ல முடியாது" என்றார் தாழ்ந்த குரலில். "அப்படி ஒரு பதவி வாரியத்துல இல்லை. உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லித்தான் உத்தரவு."

"நான் வரலை சார்."

"சரி. நாங்க காத்திருக்கோம்."

"எதுக்குக் காத்திருக்கணும்?"

"எங்களுக்கு வேற வேலை இல்லையே" என்றார் ஆய்வாளர். அதில் மிரட்டல் எதுவும் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார். காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

குஷன்காரர் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். மத்தியானம் ஆயிற்று. சாயங்காலம் ஆயிற்று. கார் நகரவில்லை.

"யாரு அது வெளிய?" என்று கேட்டாள் அக்கா.

தங்கை எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். "யாரும் இல்லைக்கா."

அக்கா திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் குரல் தெளிவாக இருந்தது.

"கார்ல நாலு பேர் இருக்காங்க. ஒருத்தர்கூடப் பேசலை. எல்லாரும் இந்த வீட்டையேதான் பாக்கறாங்க."